நாடியைத் தாழ்த்தி ஒரு மிடறு

கலியாணம் ஆன நாள் முதல் என் கணவரிடம் நான் அதிகம் சொன்ன வசனம் ஒன்றுதான்: "வாய்க்குள்ள சோத்தை வைச்சுக்கொண்டு கதையாதேங்கோ." அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யாருடைய வரம்பு உடைந்தது, குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கமக்காரர் கூட்டத்தில் யார் யாரோடு கொழுவினார் என்பதெல்லாம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் குந்தினால்தான் அவருக்கு நினைவு வரும். ஒரு கன்னம் உப்பிக்கொண்டிருக்கும், மற்றப் பக்கத்தால் கதை வந்துகொண்டிருக்கும். நான் முறைத்தால் "ஓம் ரீச்சர்" என்பார். நான் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் நறுவிலிக்குளம் முழுக்க என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் கூப்பிடும்போது மட்டும் அதில் ஒரு நக்கல் இருக்கும்.

மாரி மழையோடு காலபோக நெல் விதைப்பு முடிந்த கையோடு ஒரு காலை, இடியப்பமும் சொதியும் கொடுத்தேன். வழமைபோலக் கதை. வாய்க்கால் துப்புரவாக்க வராதவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். நடுவில் கதை நின்றது. இன்றைக்காவது மனிசன் வாயை மூடிச் சாப்பிடுகிறாரே என்று நினைத்தபடி நான் சட்டி கழுவினேன். திரும்பிப் பார்த்தால் சொதி அவருடைய வலது கடைவாயால் வழிந்து சாரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. துடைக்க நினைத்த கை எழும்பவில்லை.

மன்னார் ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள். மூளைக்குள் ஓர் இரத்தக்குழாய் அடைபட்டுவிட்டது. வலது கையும் காலும் போனது கண்ணுக்குத் தெரிந்தது. பேச்சுக் குழறியது காதுக்குத் தெரிந்தது. விழுங்கத் தெரியாமல் போனதுதான் எனக்கு விளங்கவில்லை. விழுங்குவதும் ஒருவருக்கு மறந்துபோகுமா? குழந்தை பிறந்த உடனே செய்கிற வேலை அல்லவா அது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டு, கரைத்த சாப்பாட்டை அதற்குள் ஊற்றினார்கள். வயல் முழுக்க நெல் விதைத்த மனிசன் குழாயால் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார். நல்ல கையால் அந்தக் குழாயை இரண்டு தடவை இழுத்து எறிந்தார். மூன்றாம் தடவை நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு இழுக்கவில்லை.

அப்போதுதான் பேச்சுச் சிகிச்சை செய்கிற பிள்ளை வந்தா. மன்னார்த் தீவுப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, தலையில் முக்காடு, பார்த்தால் பள்ளிக்கூடம் முடித்த மாதிரிக்கூடத் தெரியாது. பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்குவதற்கும் தான்தான் பொறுப்பு என்றா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவ என் கணவரின் தொண்டையில் இரண்டு விரலை மெல்ல வைத்து, "எச்சிலை விழுங்குங்கோ ஐயா" என்றா. விரலுக்குக் கீழே குரல்வளை மேடு கொஞ்சம் ஏறி, பாதியில் நின்று, இறங்கியது. என் விரலையும் பிடித்து அந்த இடத்தில் வைத்தா.

"இது முழுக்க ஏறி இறங்கவேணும் அம்மா. அப்பதான் மூச்சுக்குழாய் மூடுபடும். ஐயாவுக்கு அது பிந்தித்தான் மூடுது. அதுக்குள்ள தண்ணி ஓடிப்போய் நெஞ்சுக்குள்ள பூந்திடும்."

"இருமினால் வெளியில வந்திடும்தானே பிள்ளை?"

"இருமினால் நல்லம். ஐயாவுக்குத் தொண்டை விறைச்சிருக்கு. இருமாமல் உள்ள போனால்தான் நான் பயப்பிடுவன்."

அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கடலும் குளமும் சூழ்ந்த ஒரு மாவட்டத்தில் ஒரு கரண்டி தண்ணீருக்குப் பயந்துகொண்டு வாழ்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தப் பிள்ளை சொல்லித் தந்ததெல்லாம் கேட்பதற்குச் சின்ன விஷயங்கள். கதிரையில் நிமிர்ந்து இருக்கவேண்டும். சின்னக் கரண்டி. நாடியை, அதாவது மோவாயை, நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டு விழுங்கவேண்டும், அப்படிச் செய்தால் மூச்சுக்குழாயின் வாசல் ஒடுங்குமாம். ஒரு கரண்டிக்கு இரண்டு தரம் விழுங்கவேண்டும். வலது கன்னத்துக்குள் மிச்சம் தங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தொண்டை ஏறி இறங்கியதைக் கண்ணால் காணாமல் அடுத்த கரண்டியைக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. விழுங்கிய பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டும். குரல் காய்ந்திருந்தால் சரி. தண்ணீருக்குள் இருந்து கதைப்பது மாதிரி ஈரமாக வந்தால் ஏதோ தவறான இடத்தில் நிற்கிறது. சாப்பிடும்போது கதைக்கவே கூடாது.

இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் என் கணவர் என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். அந்தப் பார்வையில் "ஓம் ரீச்சர்" இருந்தது. பாரிசவாதம் வந்த பிறகு நான் முதல் தடவை சிரித்தது அன்றைக்குத்தான்.

குடிப்பதெல்லாம் தேன் பதத்தில் இருக்கவேண்டும். அதற்கென்று டின்னில் ஒரு மா விற்கிறார்கள், ஆனால் மன்னாரில் நினைத்த நேரம் கிடைக்காது. அதனால் அரிசிமாவைக் கரைத்துக் காய்ச்சிச் சேர்க்கிற முறையை அந்தப் பிள்ளை தன் கையாலேயே செய்து காட்டினா. கரண்டியைச் சரித்தால் ஓடக்கூடாது, மெதுவாக வழுகி விழவேண்டும். எனக்குப் பதம் பார்ப்பது புதிதா? பாகு காய்ச்சிப் பலகாரம் செய்தவள்தானே. ஆனால் பலகாரம் பதம் பிழைத்தால் கோழிக்குப் போடலாம். இது பிழைத்தால் என்ன செய்வது? முதல் கிழமை முழுக்க ஒவ்வொரு கோப்பையையும் இரண்டு மூன்று தரம் சரித்துப் பார்த்தேன்.

குழாயைக் கழற்றிய அன்று தேன் பதத்தில் தேத்தண்ணீர் கொடுத்தோம். நாடியைத் தாழ்த்தினார். விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார். அந்தப் பிள்ளை தொண்டையில் கை வைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தா. என் கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குழறிக் குழறி ஏதோ கேட்டார். திரும்பவும் கேட்டார். இரண்டாம் தரம்தான் விளங்கியது.

"இதென்ன... எலெக்சன் நோட்டீஸ் ஒட்டவே?"

வார்ட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் "விழுங்கின உடனே கதையாதேங்கோ" என்று அதட்டினேன்.

வீட்டுக்கு வந்தோம். அவருடைய கதிரையை விறாந்தையில், வயல் தெரியும்படி போட்டேன். மூன்று நேரமும் அரைத்த சாப்பாடு. மீனை முள்ளெடுத்து, பூசணியோடு அவித்து, அரைத்து, வடித்துக் கொடுத்தேன். எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கிறது என்று முறைப்பட்டார். ஆனால் சாப்பிட்டார். கரண்டியின் பின்பக்கத்தை நாக்கால் தள்ளும்படி அந்தப் பிள்ளை தந்த பயிற்சியைச் சொல்லாமலே செய்தார். கிழமைக்கு ஒருநாள் ஓட்டோ பிடித்து மன்னாருக்குப் போவோம். ஆஸ்பத்திரி வாசலில் கழுதைகள் நின்று பேப்பர் மென்றுகொண்டிருக்கும். "பாருங்கோ, என்ன ஆறுதலா மெல்லுது. அதுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியேல்லை" என்பேன். "அதுக்கு... ரீச்சர் இல்லை" என்பார்.

அவர் அந்தப் பிள்ளையிடம் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். சோறு எப்போது? அரைத்தது வேண்டாம். கஞ்சி வேண்டாம். சோறு.

"ஐயாவின்ர வயல் எப்ப அறுக்கிறது?"

"மாசி... கடைசி."

"அதுமட்டும் நெஞ்சில சளி, காய்ச்சல் ஒண்டும் வராமல் இருந்தால், புது அரிசியில குழையச் சோறு காய்ச்சிக் கொண்டு வாங்கோ. நானே தீத்திப் பாக்கிறன்."

என் கணவர் நல்ல கையை நீட்டினார். அவ அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினா. இரண்டு பேரும் காணி எழுதியது போல ஒரு முகத்தோடு இருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு இலட்சியம்தான். அறுவடை வரைக்கும் அந்த நெஞ்சைச் சுத்தமாக வைத்திருப்பது.

அதற்கு எதிரி வெளியில்தான் இருந்தது. வெறுங்கையோடு நோயாளியைப் பார்க்க வராத ஊர் எங்களுடையது. ஒருவர் சோடா கொண்டு வருவார். ஒருவர் இளநீரை வெட்டிக்கொண்டே படலைக்குள் நுழைவார். "இளநி குளிர்ச்சியெல்லே ரீச்சர், ஒரு வாய் குடிக்கட்டும்." நான் குறுக்கே நிற்பேன். தண்ணீர் கூடாது, தேத்தண்ணீர் கூடாது, சோடா கூடாது என்று வகுப்பில் வாய்பாடு சொல்வது போலச் சொல்லிச் சொல்லிக் களைத்தேன். தீத்திவிட ஆசைப்பட்டுக் கரண்டியை எடுப்பவர்களுடைய கையைப் பிடித்து, "பொறுங்கோ, அவர் இன்னும் விழுங்கேல்லை" என்பேன். ரீச்சர் மனிசனைப் பட்டினி போடுகிறா என்று ஊருக்குள் கதை வந்தது. வரட்டும் என்று விட்டேன். ஊர் வாய்க்கு நான் பயப்படுகிற ஆளில்லை.

என் மச்சாள், அவருடைய அக்கா, அடம்பனிலிருந்து அடிக்கடி பஸ்ஸில் வருவா. அந்த மனுசியைப் பற்றிச் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போன வழியில், தறப்பாள் துணி போர்த்த ஒரு கொட்டிலுக்குள், இவர்களுடைய தாய் மச்சாளின் மடியில் செத்துப்போனா. இவர் அப்போது வேறிடத்தில் இருந்தார். உயிர் பிரியப்போகிறவருக்கு உரித்துக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கரண்டி பால் பருக்குவது எங்கள் சனத்தின் வழக்கம். அது கிடைக்காமல் போனவர் தாகத்தோடு போனார் என்பார்கள். அந்தக் கொட்டிலில் பால் எங்கே இருந்தது? எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் மச்சாள் அதைச் சொல்லித்தான் அழுவா. "என்ர அம்மாவுக்கு ஒரு சொட்டுப் பால் பருக்க ஏலாமல் போச்சே." எத்தனையோ வருடம் கேட்டுக் கேட்டு எனக்கு அது காதில் விழாத ஒன்றாகிவிட்டது.

மாசிக் கடைசியில் நெல் சாய்ந்தது. அவருக்கு நெஞ்சு சுத்தமாகவே இருந்தது. வெட்டு மிசின் எங்கள் வயலுக்கு வருகிற நாள் உறுதியாகியதும் மச்சாளைக் கூப்பிட்டேன். வெட்டு நாளன்று மத்தியானச் சாப்பாட்டை நானே கொடுத்து, வாய் துடைத்து, நிமிர்த்தி இருத்தி, பிறகு சாய்மனைக் கதிரையில் சாய்த்துவிட்டு, "நான் வரும்வரைக்கும் தண்ணி மட்டும் குடுத்திடாதேங்கோ மச்சாள்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனேன். முதல் நெல் சாக்கில் விழுந்ததும் ஒரு பிடி அள்ளி சேலைத் தலைப்பில் முடிந்தேன். அவருக்குக் காட்டவேண்டும் என்று.

பாரிசவாதம் வந்த பிறகு அவர் நித்திரையானால் வலது கண் பாதி திறந்தே கிடக்கும். வாய் ஆவென்று இருக்கும். தொண்டையில் எச்சில் நின்று கரகரக்கும். எனக்கு அது பழக்கம். மச்சாளுக்குப் பழக்கமில்லை. அவ அந்தக் கரகரப்பை ஒரே ஒரு தரம்தான் கேட்டிருக்கிறா, அந்தத் தறப்பாளுக்குக் கீழே, தாயின் தொண்டையில்.

நான் படலைக்குக் கிட்ட வரும்போதே அழுகுரல் கேட்டது. முற்றத்தில் அக்கம்பக்கத்துச் சனம். சனத்தை விலத்திக்கொண்டு ஓடினேன். விறாந்தையில் ஏறினால், மச்சாள் ஒரு கையில் செம்பும் மறுகையில் கரண்டியுமாக முழங்காலில் இருந்தா. இரண்டு வீட்டுக்காரர் ஏற்கெனவே பருக்கி முடித்திருந்தார்கள். என் கணவர் கண் முழித்து, சட்டை காலரில் பால் வடிய, தன்னைச் சுற்றி அழுகிற சனத்தை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றார். "நான்... செத்துப்போனனே?"

முற்றம் முழுக்க வெடித்துச் சிரித்தது. மச்சாள் அழுது அழுது சிரித்தா, தம்பியின் தலையைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினா. "உவனுக்கு ஆயுசு கெட்டி" என்றார் ஒருவர். சாகாதவருக்குப் பால் பருக்கிய கதை அன்று பொழுதுபடுவதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்கும். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "ரீச்சர்" என்றார்.

அந்தக் குரல் ஈரமாக இருந்தது.

"ஆ சொல்லுங்கோ" என்றேன். சொன்னார். தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. "இருமுங்கோ. பலமாய் இருமுங்கோ." இருமினார், ஒன்றும் வரவில்லை. எவ்வளவு குடித்தார் என்று கேட்டேன். செம்புக்குள் பார்த்தேன், அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. நான் கத்திய கத்தில் முற்றத்துச் சிரிப்பு நின்றது. என்ன சொல்லிக் கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. மச்சாள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"தண்ணிதானே குடுக்க வேண்டாம் எண்டனீங்கள். நான் பாலெல்லே குடுத்தனான்."

முடிந்து வைத்திருந்த நெல்லை அவருக்குக் காட்ட மறந்துபோனேன். அடுத்த நாள் சேலை துவைக்கும்போதுதான் அது நினைவு வந்தது. அதற்குள் அவருக்கு உடம்பு சுடத் தொடங்கிவிட்டது.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே வாசல், அதே கழுதைகள். நெஞ்சுக்குள் சளி கட்டிக் கிருமி ஏறியிருந்தது. ஒக்சிசன் வைத்தார்கள், மருந்து மாற்றி மாற்றி ஏற்றினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை செய்தி கேட்டு ஓடி வந்தா. கட்டிலுக்குக் கிட்ட வந்து என்னைத்தான் முதலில் பார்த்தா.

"என்ன குடிச்சவர் அம்மா?"

"பால்."

"தேன் பதமே?"

"இல்லைப் பிள்ளை. தண்ணிப் பால்."

யார் கொடுத்தது என்று அவ கேட்கவில்லை. மச்சாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தா. அன்று சனத்துக்கு முன்னால் கத்தியதற்குப் பிறகு நான் அவவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவவும் அழவில்லை. அழாத அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மருந்து பிடிக்கவில்லை. சில நாட்களுக்குப் பிறகு வைத்தியர் என்னை வெளியே கூப்பிட்டு, மெல்லிய குரலில், இனி அதிகம் செய்ய இல்லை என்று விளங்கப்படுத்தினார். வீட்டுக்குக் கொண்டுபோக விருப்பமென்றால் கொண்டுபோகலாம் என்றார். நான் என் கணவரிடமே கேட்டேன். ஒக்சிசன் முகமூடிக்குள்ளிருந்து "வயல்" என்றார். அது போதும் எனக்கு.

புறப்படும்போது அந்தப் பிள்ளை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "அம்மா, இனி ஐயா என்ன கேட்டாலும் ஒரு சொட்டு நாக்கில வையுங்கோ. சோறு கேட்டால் சோறு. குழைச்சு, நாக்கு நுனியில."

எத்தனை மாதம் காத்திருந்த அனுமதி. அது கிடைத்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளை என் கணவரைக் கைவிட்டுவிட்டா. கைவிடுவதைத் தவிர அவவுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவவுடைய கண்ணிலும் தண்ணீர் நின்றது. எனக்கு அவவைத் திட்டவும் மனம் வரவில்லை, கும்பிடவும் கை எழும்பவில்லை.

வீட்டில் புது நெல்லைக் குற்றி, புடைத்து, குழையக் குழையச் சோறு காய்ச்சினேன். ஆவி பறக்கும்போதே அந்த வாசனை விறாந்தை வரை போனது. அவர் கண்ணைத் திறந்தார். ஒரு கரண்டி நுனியில் மசித்து நாக்கில் வைத்தேன். நாடியைத் தாழ்த்தினேன். அவருடைய உதடு அசைந்தது. தெரிந்த ருசி என்பது முகத்தில் தெரிந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விழுங்கவில்லை. விழுங்கப் பார்த்தார். குரல்வளை மேடு பாதி ஏறி நின்றது. இறங்கியது. மறுபடி ஏறவே இல்லை. நான் காத்திருந்து பார்த்தேன். கடைசியில் விரலில் துணியைச் சுற்றி, எனக்குச் சொல்லித் தந்தபடி, நாக்கிலிருந்து அந்தச் சோற்றை வழித்து எடுத்தேன். அவருடைய அரிசியை அவருடைய வாயிலிருந்து நானே எடுத்தேன். இதை எழுதும்போதும் அந்த விரல் எனக்கு வலிக்கிறது.

அடுத்த நாள் காலை மூச்சு மாறியது. இந்த முறை யாரும் பிழையாக விளங்கவில்லை. சனம் கூடியது. பால் பருக்குங்கோ என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் குசினிக்குள் போனேன். பாலைக் காய்ச்சினேன், அரிசிமாவைக் கரைத்துச் சேர்த்தேன், கரண்டியைச் சரித்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் மா. மறுபடியும் சரித்தேன்.

"பாலுக்க மா கலக்கிறதே? சாகப்போற மனிசனுக்கு இனிப் பதமென்ன?" என்று யாரோ முணுமுணுத்தார்.

"சாகிறவர் புரைக்கேறிச் சாகவேணுமோ?" என்றேன்.

மச்சாள் உள்ளே வரவில்லை. முற்றத்து வேம்புக்குக் கீழே, கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றா. பால் இருக்கிற பக்கமே அவ திரும்பவில்லை. அந்தக் கொட்டிலில் ஒரு சொட்டும் கொடுக்க முடியாமல் இருந்தவ, இங்கே கொடுத்துவிட்டு நிற்கிறா. எது பெரிய பாரம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன். என் நெஞ்சுக்குள் அந்த ஆத்திரம் அப்படியேதான் கிடக்கிறது. ஆனாலும் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"மச்சாள், வாங்கோ. முதல் கரண்டி நீங்கள்தான்."

"ஐயோ வேண்டாம், என்னைக் கேக்காதேங்கோ, என்ர கை வேண்டாம்."

"இது தேன் பதம். ஒண்டும் செய்யாது. வாங்கோ."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கரண்டியைக் கொடுத்தேன். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையால் அவருடைய தலையைத் தாங்கி நாடியைத் தாழ்த்தினேன். பால் வழுகி நாக்கில் விழுந்தது. மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். அவருடைய தொண்டை ஏறியது. முழுக்க ஏறி, முழுக்க இறங்கியது. ஆஸ்பத்திரியில் என் விரலை வைத்துக் காட்டிய நாள் முதல் நான் காண ஏங்கிய மாதிரி, பிழையில்லாத ஒரு மிடறு. மச்சாள் அதைக் கண்டா. அப்போதுதான் அந்த மனுசி வாய்விட்டு அழுதா. பிறகு நானும் மற்றவர்களும் பருக்கியதெல்லாம் உதட்டோடு நின்றுவிட்டது. மத்தியானத்துக்கு முன் மூச்சு அடங்கியது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டிலேயே வாய்க்கரிசி போட்டுவிட வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, மச்சாளின் மகன்தான் கொள்ளி வைத்தான். மச்சாள் கடை அரிசி வேண்டாம் என்று சொல்லி, அவருடைய புது நெல்லைத் தன் கையாலேயே குற்றி, தட்டத்தில் வைத்துக்கொண்டு வந்தா. பெண்டாட்டி முதலில் என்று என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ஒரு பிடி அள்ளினேன். வேகாத, காய்ந்த அரிசி. அரைத்த சாப்பாட்டுக்குள் ஒரு பருக்கை தவறிக் கிடந்தாலும் தேடி எடுத்து எறிந்த கை இது. நான் யோசிக்கவில்லை. என் இடது கை தானாகப் போய் அவருடைய தலைக்குப் பின்னால் தாங்கியது. நாடியைத் தாழ்த்தப் பார்த்தேன். விறைத்துக் கிடந்தது, தாழவில்லை. அரிசியை உதட்டில் வைத்தேன். வைத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பறை அடிப்பவர்கள் அவசரப்பட்டார்கள். யாரோ என் தோளைத் தொட்டு, "ரீச்சர், தள்ளுங்கோ. மற்றாக்களும் போடவேணுமெல்லே" என்றார்கள்.

"பொறுங்கோ" என்றேன். "அவர் இன்னும் விழுங்கேல்லை."